மேகத்துக்குள் இரண்டாவது குண்டு

சேகரிப்புக்காக இன்று வாங்கிய பழைய காற்றுக் கைத்துப்பாக்கியின் எண்ணெய் வாசனையில், இப்போது கார் நிறுத்தும் இடமாகிவிட்ட கொடைக்கானல் ஏரிக்கரையின் பலூன் சுடும் கடை திரும்பி வந்தது. மேகம் இறங்கிப் பலூன் கட்டிய பலகையே தெரியாத நாட்களிலும் நான் சுட்டதும் உள்ளே 'டப்' என்று சத்தம் வரும், பலகையோரம் நிற்கும் கடைக்கார ராசாத்தி அக்கா "பட்டுருச்சு பாப்பா" என்பாள், நான் மெதுவாக அடுத்த குண்டைப் போடுவேன். ஒருமுறை நிரப்பினால் அடுத்தடுத்துச் சுடும் இதே ரகத் துப்பாக்கியை அவள் புதிதாகக் கொடுத்த அன்று, முதல் சத்தம் கேட்ட சந்தோஷத்தில் உடனே மறுபடியும் சுட்டேன். சத்தம் வரவில்லை. வெகுநேரம் கழித்து, "பட்டுருச்சு பாப்பா" என்றபடி வெளியே வந்தவள் ஒரு கையால் கண்ணைப் பொத்தியிருந்தாள். மறுகையில், அத்தனை நாளும் எனக்காகப் பலூன்களை உடைத்த ஊக்கு இருந்தது.