ஜூன் முதல் தேதியின் கறுப்பு

கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போட்டாற்போல் இருந்த வெள்ளைத் தையலை மிசாவோ சின்னக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். புதுக் கோட்டில் இதை வெட்ட மறந்து அப்படியே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அவள் மறந்ததில்லை. கறுப்பின் மேல் வெள்ளை நூல் பளிச்சென்று தெரிந்தது. அது தெரிந்ததில் ஒரு நிம்மதி. எதற்கு நிம்மதி என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மே மாதத்தின் கடைசி நாள். வடக்கு ஜன்னலில் வெளிச்சம் பால் கலந்ததுபோல் இருந்தது. சில மாதங்களாகவே அப்படித்தான். மலையில் பனி உருகுகிறது, கடலிலிருந்து ஆவி எழுகிறது, ஜப்பான் கடலோரத்து உவோஸு ஊருக்கு வசந்தம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். மலை, தந்திக் கம்பம், எதிர்வீட்டுக் கூரை எல்லாமே மெல்லிய தாளில் சுற்றிவைத்த சாமான்கள்போல் நின்றன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பழைய கோடைக் கோட்டு நாற்காலியில் கிடந்தது. ஏழு கோடைகள் அதைப் போட்டுக்கொண்டு துக்க மண்டபத்து வாசலில், பிணவண்டி முனை திரும்பி மறையும்வரை குனிந்து நின்றிருக்கிறாள். தோள்பட்டை வெயிலில் செம்பட்டை பாய்ந்துவிட்டது. மேலாளர் ஹோரி ஏப்ரலிலேயே, அதற்கு ஓய்வு கொடுத்துவிடலாமே என்று அவளைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி தோயாமாவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினாள். கடைப்பெண் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். பத்தொன்பது வருஷம் கறுப்போடு குடித்தனம் நடத்துகிறவள் கறுப்பைப் போய் இன்னொருத்தியிடம் கேட்டு வாங்குவதா. கம்பியில் வரிசையாகத் தொங்கியதில் அளவு சரியாக இருந்ததை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் விலைச்சீட்டைக் கத்தரித்துப் போட்டாள். கை நீளத்தை இரண்டு விரற்கடை குறைத்துத் தைத்தாள். இனி கடைக்காரன் திரும்ப வாங்கமாட்டான்.

சவசாகி மிசாவோவுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தெட்டு வரை கடலோர மீன்காட்சியகத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள். அங்கே நீலச் சீருடை. அதற்குப் பிறகு இந்த மண்டபம். வருகிறவர்களுக்குக் குடையை வாங்கி வைப்பது, தேநீர் கொடுப்பது, ஊதுபத்தி வைக்கும் வரிசையைக் கலையாமல் நகர்த்துவது, கால் தள்ளாடுகிறவர் முழங்கைக்குக் கீழே கையை வைத்தும் வைக்காமலும் கூட நடப்பது. இதெல்லாம் ஆறு மாதத்தில் எவருக்கும் வந்துவிடும். அவளுக்கென்று தனியாக வந்தது நிறம்தான். அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் கறுப்பு துக்கக் கறுப்பின் பக்கத்தில் வைத்தால் சாம்பலாகிவிடும். வெளுத்த கறுப்பு பழுப்பாகும். நீலமும் கறுப்பும் கடை விளக்கில் சகோதரிகள், பகலில் அந்நியர்கள். ஜூன் முதல் தேதி கோடை உடைக்கும் அக்டோபர் முதல் தேதி குளிர் உடைக்கும் எல்லோரும் மாறுவார்கள். அந்த இரண்டு காலைகளிலும் மண்டபத்து ஆட்கள் வராந்தாவில் வரிசையாக நிற்பார்கள். மிசாவோ ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்துகொண்டே பார்ப்பாள். ஹோரியும் வரிசையில் நிற்பார். யாரும் அவளை அந்த வேலைக்கு நியமித்ததில்லை. அவள் பார்த்துவிட்டால் பார்த்தாயிற்று, அவ்வளவுதான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் மகிதா வேலைக்குச் சேர்ந்த முதல் காலையில் அவளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியதும் மிசாவோதான். அன்று மகிதா போட்டிருந்தது கருநீலம். கறுப்பென்றுதான் கடையில் கொடுத்தார்கள் என்று எத்தனை சொல்லியும் மிசாவோ விடவில்லை. மகிதா சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழுதுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் சரியான கறுப்பில் வந்தாள். இன்றுவரை மண்டபத்தில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். மிசாவோவுக்கு மதியச் சாப்பாட்டில் பாதி மீன் கொடுப்பதும் அவள்தான்.

இந்த மே கடைசி நாள் நாட்காட்டியில் தோமொபிகி. செத்தவர் சிநேகிதரையும் கூட இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று அந்த நாளில் யாரும் தகனத்துக்கு வருவதில்லை. மண்டபம் காலி. பெண்கள் மூன்று பேரும் கோடைக் கறுப்புகளைக் கொண்டுவந்து உடைமாற்றும் அறையில் கம்பியில் மாட்டினார்கள். அந்துருண்டை வாசம் போக ஒருநாள் காற்றாட வேண்டும். மிசாவோ தன்னுடையதை நடுவில் மாட்டினாள். அறை மூலைத் தொட்டியில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே மகிதா சொல்லிக்கொண்டிருந்த கதை பாதியில் நின்றது. புதிதாய்ச் சேர்ந்த உஎனோ ஏதோ சொல்ல வாயெடுத்து, உடனே தன் காலைப் பார்த்துக்கொண்டாள். மகிதா அவள் காலை மிதித்திருந்தாள்.

அறை திடீரென்று அமைதியானது மிசாவோவுக்குத் தெரிந்தது. காரணம் தெரியவில்லை.

மகிதா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “சவசாகி சான், நாளைக்கு ஒருநாள் நீங்க டீ ரூமைப் பாத்துக்கறீங்களா? நான் முன்னாடி நிக்கறேன். அங்க நின்னு நின்னு எனக்கு இடுப்பு போச்சு.”

“முன்னாடி நின்னா போகாதா?”

“குனிஞ்சு குனிஞ்சு நிமுந்தா இடுப்புக்கு நல்லதாம். டாக்டர் சொன்னார்.”

“எந்த டாக்டர்?”

“டீவில வர்றவர்.”

மிசாவோ கோப்பைத் துணியை மடித்து வைத்தாள். “நீங்க பொய் சொல்றப்பல்லாம் டீவியத்தான் இழுப்பீங்க. என்ன விஷயம், சொல்லுங்க.”

மகிதா உஎனோவை ஊதுபத்திச் சாம்பல் சலிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கம்பியிலிருந்து இரண்டு கோட்டுகளை எடுத்து ஜன்னல் கொக்கியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள்.

“என்ன தெரியுது?”

“ரெண்டும் கறுப்பு.”

“ஒண்ணு நீலம்.”

மிசாவோ பார்த்தாள். கிட்டே போனாள். ஜன்னல் வெளிச்சம் இரண்டின் மேலும் ஒன்றுபோல் விழுந்தது. இரண்டும் ஒரே இரவின் இரண்டு துண்டுகள்போலத் தொங்கின.

“எது?” என்று கேட்டாள்.

பதினொரு வருஷமாக ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருந்த மகிதாவுக்கு இந்தக் கேள்வியை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வார்த்தை வாய்வரை வந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. இடப்பக்கத்துக் கோட்டின் கையைப் பிடித்துக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். அந்தக் கையில் இரண்டு விரற்கடை குறைத்துத் தைத்த புதுத் தையல் இருந்தது.

பிறகு இருவரும் பேசவில்லை என்று சொல்ல முடியாது. நாளைய சாவுக்கு எத்தனை பேர் வருவார்கள், உட்கார எத்தனை திண்டு போடவேண்டும் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். கிளம்பும்போது மிசாவோ, ஹோரியிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டாள். சொல்லமாட்டேன் என்றாள் மகிதா. ஆனால் நாளைக் காலை வரிசையில் ஏழு பேர் நிற்பார்கள், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

மிசாவோ கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். கணவர் தெய்ஜி அங்கேதான் இருப்பார். ஜிப் செய்யும் ஆலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், வசந்தம் முழுக்க அவருக்கு வேலை கடலில் கானல் பார்ப்பதுதான். கடல்மட்டத்தில் குளிர்ந்த காற்றும் அதற்குமேல் வெதுவெதுப்பான காற்றும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும் மதியங்களில், எதிர்க்கரை மேலே இழுபட்டு நிற்கும். அதற்காக மடக்கு நாற்காலிகளோடு ஒரு கூட்டம் கரையில் தவம் கிடக்கும். வந்துவிட்டால் யாரும் சத்தம் போடுவதில்லை. பக்கத்திலிருப்பவருக்கு மிட்டாய் கொடுப்பார்கள்.

தெய்ஜி வாயில் மிட்டாய் இருந்தது. ஒரு மணிக்கே வந்துவிட்டது என்று சொல்லிப் பக்கத்தில் இடம் கொடுத்தார். மிசாவோ உட்கார்ந்தாள். கடலும் வானமும் ஒரே துணியாக இருந்தன. தையல் எங்கே என்று தெரியவில்லை.

“தெரியுதா?”

“தெரியுது. மதில் மாதிரி நிக்குது.”

தெய்ஜி மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். “நீ பாக்கறது அலைதடுப்புச் சுவர். கானல் அந்தப் பக்கம்.”

மிசாவோ முகத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கமும் அதே துணிதான். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கால்களையும் முன்னால் நீட்டி, கால்சட்டையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினார்.

“என்ன?” என்றாள்.

“ஒரு கால் நீலம், ஒரு கால் கறுப்பு. குளிர்காலத்துலேர்ந்து நீ இப்படித்தான் ஜோடி சேத்து மடிச்சு வைக்கறே.”

“சொல்லியிருக்கலாம்ல.”

“ரிட்டயர் ஆனவன் காலை யார் பாக்கறாங்க. நீ மடிச்சு வெச்சா போட்டுக்கறேன்.”

அவள் காலுறைகளைப் பார்த்தாள். இரண்டும் கறுப்பாகத்தான் இருந்தன. ஐந்து மாதம் இவர் இப்படியே ஊரெல்லாம் நடந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. மிட்டாய் கேட்டாள். எலுமிச்சை மிட்டாய்.

அவர் தன் கண்ணுக்குத் தெரிவதை மெல்ல ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். எதிர்க்கரைப் புகைபோக்கிகள் இழுத்த மாவுபோல் நீண்டிருக்கின்றன. பாலம் இரண்டாகப் பிளந்து, மேல்பாதி தலைகீழாகத் தொங்குகிறது. ஒரு கப்பல் தண்ணீரைத் தொடாமல் போகிறது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பால்வெளிச்சத்தில் அவர் சொன்னவையெல்லாம் அவளுக்கு முன்னால் எழுந்து நின்றன. புகைபோக்கி, பாலம், கப்பல். பிறகு அவர் சொல்லாதவையும். தண்ணீருக்குமேல் ஒரு நீண்ட வராந்தா. அதில் ஓராயிரம் பேர் வரிசையாக, உயரமாக, நிழல்கள்போல் நின்றார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவள் முழங்கைக்குக் கீழே கைவைத்து நடத்திச் சென்றவர்களாக இருக்கலாம். ஒரு முனையிலிருந்து அவள் நடந்தாள். யார் கறுப்பு, யார் நீலம் என்று தெரியவில்லை. அவர்கள் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. தலையை மட்டும் தாழ்த்தினார்கள்.

“போச்சு,” என்றார் தெய்ஜி. நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்டது.

வீடு திரும்பும் வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். கண் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமில்லை. கண்புரையாக இருந்தால் அங்கே எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும். நாளைக் காலை வரிசையில் தான் எங்கே நிற்பது என்பதுதான் அவள் கவலை. பார்த்ததுபோல் நடந்து முடித்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. மகிதா வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் அப்படி நடந்துவிட்டால் மகிதாவை அன்றைக்குத் திருப்பி அனுப்பியதற்கு என்ன அர்த்தம். தெய்ஜி யோசித்துவிட்டு, அன்றைக்கே அர்த்தம் கொஞ்சம் கம்மிதான் என்றார். அவள் அவர் தோளில் பையால் ஒரு இடி இடித்தாள்.

வீட்டில் குளிர்காலக் கறுப்பு சலவைக்குப் போகத் தயாராக உறைக்குள் தொங்கியது. உறையைப் பிரித்துத் துணிக்குள் கைவிட்டாள். உள்துணி கிழிந்த இடத்தில் அவளே போட்ட தையல் விரலுக்குத் தட்டுப்பட்டது. இது எட்டு வருஷத்துக்கு முன், நல்ல கண்ணோடு, மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியது. இதில் சந்தேகமில்லை. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்க்கவில்லை. நாளைக்கென்று அதை வெளியே எடுத்து மாட்டினாள்.

ஜூன் முதல் தேதி காலை மழை பெய்தது. மிசாவோ ஏழரைக்கு மண்டபத்துக்குப் போனாள். ஹோரியிடம் தன் கண்ணில் புரை இருக்கலாம் என்றும் நிறம் தெரியவில்லை என்றும் சொன்னாள். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். உடை பார்க்கும் வேலையை இனி மகிதா செய்யட்டும், முகப்பில் மட்டும் நீங்கள் நில்லுங்கள் என்றார். எட்டு மணிக்கு ஏழு பேரும் வராந்தாவில் நின்றார்கள். மிசாவோ கடைசியில் நின்றாள். மகிதா ஒரு முனையிலிருந்து நடந்து வந்தாள். உஎனோவின் கோட்டுப் பிளவில் விட்டுப்போயிருந்த வெள்ளைத் தையலை வெட்டச் சொன்னாள். மிசாவோவின் முன்னால் நின்று, “குளிர்காலத்தது,” என்றாள். “ஆமா,” என்றாள் மிசாவோ. “கறுப்புதான்,” என்று சொல்லிவிட்டு மகிதா போய்விட்டாள். அறுபத்துநான்கு பேர் வந்தார்கள். பதினொன்றரைக்கு வண்டி கிளம்பியது. மிசாவோ அது முனை திரும்பும்வரை குனிந்து நின்றாள். கோட்டுக்குள் வேர்த்தது. மூன்று மணிக்கு நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பத்தொன்பதாம் தேதி வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை என்று எழுதிக் கொடுத்தார்கள். தெய்ஜி கூடப் போயிருந்தார். கானல் வரவில்லை.