அக்காவின் பேஸ் கிட்டாரும் நான் திருகாத கால் சுற்றும்

எங்கள் இசைக்குழுவில் என் அக்காவுக்கு விளக்குக்கம்பம் என்று பெயர். பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாளானால் பாட்டு முடியும் வரை அசைய மாட்டாள். கூட்டம் பாடகனைப் பார்க்கும், டிரம்ஸில் நான் அடிக்கும் கூத்தைப் பார்க்கும். அவளை ஒரு ஈ காக்கை கூடப் பார்க்காது. ஆனால் அவள் ஓரிடத்தில் கோட்டை விட்டால் போதும், ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பகலெல்லாம் தையல் கடையில் கனமான கத்தரிக்கோலால் துணி வெட்டுவாள். மாலையில் அதே கடையின் மாடியில் ஒத்திகை. இருபது வருடமாக அவள் கிட்டாரில் தடித்த தந்திகள்தான். ஐம்பதைத் தாண்டியதும் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. "இன்னும் எத்தனை நாள்டா வாசிப்பேன்?" என்று அவள் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் சொல்லிவிட்டு, அழுத்த எளிதான மெல்லிய தந்திகள் வாங்கி வந்தேன்.

கிட்டார் பழுதுபார்ப்பவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "தடிச்ச தந்தி கிட்டாரோட கழுத்தை முன்னால இழுக்கும். அதைச் சமாளிக்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி பின்னால இழுத்துக்கிட்டிருக்கு. மெல்லிசு போட்டா தந்தியோட இழுப்பு குறையும், கழுத்து பின்னால வளைஞ்சிடும். மறக்காம கம்பியைக் கால் சுத்து தளர்த்துங்க."

தந்திகளை மாட்டினேன். கம்பியைத் திருகும் சாவியையும் எடுத்தேன். திருகினால் கழுத்து முறிந்துவிடுமோ என்று பயந்து வைத்துவிட்டேன். "எல்லாம் பாத்துட்டியாடா?" என்று அக்கா கேட்டபோது, "பக்காவா இருக்குக்கா" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஒத்திகையில் தந்தி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் இடித்துக் கரகரவென்றது. விரல் சரியாக அழுத்தாவிட்டாலும் அதே சத்தம்தான் வரும். அக்கா இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னும் பலமாக அழுத்தினாள். மூட்டுகள் சிவந்தன. அயோக்கியன் நான், டிரம்ஸ் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படியே ஒரு வாரம் போனது.

அன்று அவள் குழுத் தலைவரிடம், "வேற ஆளைப் பாத்துக்குங்க. என் கை போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மாடிப்படியில் மறித்து உண்மையைக் கக்கினேன்.

அறைவாள் என்று நினைத்தேன். அவள் மேலே ஏறினாள். கிட்டாரை எடுத்து, ஒற்றைக் கண்ணால் கழுத்தை நீளவாக்கில் பார்த்தாள். சாவியைப் போட்டுக் கால் சுற்று தளர்த்தினாள். சுருதி சேர்த்து வாசித்தாள். கரகரப்பு பாதிக்கு மேல் அடங்கியிருந்தது.

"மன்னிச்சிடுக்கா."

அவள் வீங்கிய இடது கையை என் முன்னால் நீட்டினாள். "என்கிட்ட எதுக்கு? ஒரு வாரமா இதைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டிருந்தேன். இதுகிட்ட கேளு."

கேட்டேன். அந்தக் கை அதற்குப் பிறகு ஆறு வருடம் வாசித்தது.