இரண்டாவது ஆளைப் போட்டவர்

சேத்தியாத்தோப்பு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஃபிட்டர் ஒருவர்தான் சொன்னார்: "நம்ம வேலாயுதம் சார் நேத்து தவறிட்டாருங்க." ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. வேலைக்குப் போய்விட்டேன். அவரிடம் வேலை பார்த்த பலரும் அன்று அப்படித்தான் செய்தார்கள். அவர் அதைத் தவறாக நினைத்திருக்க மாட்டார்.

நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகளில் எங்கள் ஒப்பந்தக்காரர் பொறுப்பில் இருந்தவற்றுக்கு அவர் மேற்பார்வையாளர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. நான் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து, பிறகு பம்பு பார்க்கப் போனவன். எட்டு மணி நேரம் தனி ஆள். பம்பு நின்றால் தண்ணீர் ஏறிவிடும், கீழே இருப்பவர்களின் உயிர் உன் கையில் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இரண்டே மாதத்தில் எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

ஒரு நாள் காலை ஷிப்டில் மோட்டார் சத்தம் நின்றுவிட்டதாகத் தோன்றியது. போனில் கத்தினேன். ஆட்கள் ஓடிவந்து பார்த்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதே வாரத்தில் மறுபடியும் அப்படிச் செய்தேன். ஒப்பந்தக்காரரின் மேனேஜர் என்னை வேலையிலிருந்து நீக்கக் கடிதம் எழுதச் சொன்னார்.

வேலாயுதம் சார் பம்பு அறைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா தூங்கல?"

"தூங்குறங்க சார்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஒரு மாசமாங்க. கண்ண மூடுனா தண்ணி ஏறிகினே வர்றாப்பல இருக்கு. கீழ எங்க அண்ணனும் வேலை செய்யுதுங்க."

"ஒரு பம்பு நின்னா ஒண்ணும் முழுகாது. சுத்தி இத்தனை பம்பு ஓடுது. இதை உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. அழுதுவிட்டேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜரிடம் அவர் பேசியதை டைம் கீப்பர் பிறகு சொன்னார்: "அவனைத் தனியா உக்கார வச்சது நான். எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க." எழுதினார்கள். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய சம்பள உயர்வு வரவில்லை.

கூடுதல் ஆள் கேட்டார், மறுத்தார்கள். அருகருகே இருந்த இரண்டு பம்பு அறைகளை இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும்படி ஷிப்டுப் பட்டியலை அவரே மாற்றி எழுதினார். தவறாகக் கூப்பிட்டவனை யாரும் கேலி செய்யக் கூடாது என்றும் சொல்லிவைத்தார். "ஒண்ணுமில்லாததுக்குக் கூப்பிடறவன்தான் ஏதாவது ஆனாலும் கூப்பிடுவான்" என்பார்.

எல்லோரிடமும் இப்படி இருந்தார் என்று சொல்லமாட்டேன். தாமதமாக வந்தவர்களை வெயிலில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார். நானும் நின்றிருக்கிறேன்.

இப்போது நான் பர்மனென்ட். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லித்தருகிறேன். முதல் நாளே, எதற்கெல்லாம் அவர்கள் பொறுப்பு என்று சொல்கிறேன். எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதைக் கேட்கும்போதுதான் அவர்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அது.