ஆற்றங்கரை ஊரில் ஒரு கிருத்திகை

துருக்கிக்குப் போய்வந்தவள் நான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து வேறு யாரும் போனதில்லை. அதனால் வந்த நாளிலிருந்து மளிகைக் கடைக்குப் போனாலும் மாவு மில்லுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "என்னாக்கா பாத்தே அங்க?" கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனையாளர். கல்யாண சீசனில் நன்றாக விற்றுக் கொடுத்தார் என்று, முதலாளி தன் குடும்பத்தோடு எங்கள் இருவரையும் துருக்கிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே முதலாளியம்மா போன் செய்தார்.

"ஏம்மா, நீ வைக்கிற ரசம்னா எங்க வீட்ல எல்லாருக்கும் உசுரு. அங்க போய் தெனம் பிரெட்டைத் தின்னுக்கினு இருக்க முடியுமா? குக்கர், மிக்சி, பருப்புப்பொடி எல்லாம் நான் எடுத்துக்கினு வர்றேன். நீ கைய வீசிக்கினு வா."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ரசத்தைப் புகழ்ந்ததில் மயங்கிவிட்டேன்.

பத்து நாள், மூன்று ஊர், மூன்று அடுப்பு. கடைசியாகத் தங்கியது தல்யான் என்ற ஆற்றங்கரை ஊரில். அறை மேசையில் ஒரு வண்ணத் தாள் இருந்தது. அந்த ஊரில் என்னென்ன பார்க்கலாம், என்னென்ன செய்யலாம் என்று படம் போட்டிருந்தார்கள். நாணல் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் ஆறு. செங்குத்துப் பாறையில் கோயில் வாசல் மாதிரி குடைந்த பழைய ராஜாக்களின் கல்லறைகள். உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு பல்லைக் காட்டும் வெள்ளைக்காரர்கள். படகுக்குப் பக்கத்தில் தலையை நீட்டும் பெரிய ஆமை. எனக்குச் சேறும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம். அந்த ஆற்றில் ஒரே ஒரு தடவை படகில் போனால் போதும். ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் நடந்தே பழகியவள் நான். முப்பத்தெட்டு வயதுவரை படகில் கால் வைத்ததில்லை.

"நாளைக்குப் படகு. உன் பக்கத்துலதான் உக்காருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"அதுக்கென்னாம்மா" என்றார்.

காலையில் குளித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். முதலாளியம்மா வந்தார். ஊரிலிருந்து தினசரி காலண்டர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார் அவர். எழுந்ததும் ஒரு தாள் கிழித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

"இன்னிக்குக் கிருத்திகைம்மா. பகல் பூரா நான் விரதம். சாயங்காலம் முருகனுக்குப் படைச்சுட்டுத்தான் வாயில வைக்கணும். சாம்பார், வடை, பாயசம் போதும். வெங்காயம் பூண்டு வேணாம். படகு எங்க ஓடிப் போவுது?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். "சாயங்காலம் நாம ரெண்டு பேரும் தனியா போவலாம்மா" என்று காதோரம் சொல்லிவிட்டு, முதலாளி வீட்டுப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த அறைக்கு ஒரே ஓர் அட்டைதான் சாவி. அதைச் சுவரில் செருகி வைத்திருந்தால்தான் கரண்டும் வரும். எடுத்துக்கொண்டு வெளியே போனால் குக்கர் நின்றுவிடும். வைத்துவிட்டுப் போனால் கதவு பூட்டிக்கொள்ளும். அட கடவுளே, ஒரு மனுஷியை அடைத்து வைக்க இப்படியும் ஒரு வழியா! சன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம். படகுகளின் மோட்டார் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. செத்துப்போன ராஜாக்களுக்கெல்லாம் ஆற்றைப் பார்த்த வீடு, எனக்கு நாலு காரும் ஒரு குப்பைத்தொட்டியும். வடை தட்டும்போது அழுதுவிட்டேன். பழியைப் போட ஒரு வெங்காயம்கூட இல்லை.

ஐந்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து. கற்பூரம் ஏற்றினால் புகைக்கு மணி அலறும் என்று செல்போனில் தீபத்தைக் காட்டிப் படைத்தோம். பாயசத்தைக் குடித்துக்கொண்டே முதலாளி காலண்டரை எடுத்துப் பார்த்தார்.

"ஏய், இது நாளைய தாளாச்சே?"

விமானத்தில் வந்த குழப்பத்தில் முதலாளியம்மா ஒரு தாளைக் கூடுதலாகக் கிழித்துவிட்டிருந்தார். நட்சத்திரத்தைப் பார்த்தவர் தேதியைப் பார்க்கவில்லை. உண்மையான கிருத்திகை மறுநாள்தான், நாங்கள் ஊர் திரும்பும் நாள்.

"போவட்டும், முருகன் ஏத்துக்குவாரு" என்று முதலாளியம்மா இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்கு அந்தப் பாயசக் குண்டானைத் தூக்கி விசிறி அடிக்கலாமா என்றிருந்தது. அடிக்கவில்லை, கழுவினேன். கழுவி முடித்தபோது கடைசிப் படகு போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண் கதை கேட்க வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்காரருக்குக் குஷி வந்துவிட்டது.

"ஆறுன்னா அதும்மா ஆறு! ஆமை இம்மாம் பெருசு, படகுக்கிட்டயே வந்து மூச்சு வுடுது. படகு லேசா ஆடிச்சா, உங்கக்கா என் கையைப் புடிச்சவதான், கரைக்கு வர்ற வரைக்கும் வுடலியே!"

"நெசமாவாக்கா? பயந்துட்டியா?"

"பெரிய ஆமைதான்" என்றேன். வேறென்ன சொல்ல? மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார், போகட்டும் என்று நினைத்தேன். அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அவள் போனதும் கேட்டேன். "எதுக்கு அப்படி ஒரு பொய்?"

"எது பொய்?"

"நான் எங்க படகுல வந்தேன்? ரூம்ல வடை சுட்டுக்கினு இல்ல இருந்தேன்?"

"அது வேற நாளும்மா. படகுக்கு எல்லாருந்தானே போனோம்?"

அவர் முகத்தையே பார்த்தேன். பதினாறு வருஷமாகப் பார்க்கும் முகம், பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா? அதில் பொய்யே இல்லை.

"இரு, காட்டறேன்" என்று செல்போனை எடுத்துப் படங்களைத் தள்ளினார். முதலாளி, முதலாளியம்மா, ஆமை, பாறை, படகு முனையில் இடுப்பில் கைவைத்து நிற்கும் இவர், மறுபடி முதலாளியம்மா. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். ஏதாவது ஒரு மூலையில் நான் இருந்துவிட மாட்டேனா என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கடைசிப் படம்வரை போனவர் தெளிவாக நிமிர்ந்தார்.

"பாத்தியா, எல்லா போட்டோவும் நீதான் எடுத்திருக்கே. அப்புறம் எப்படிம்மா நீ இதுல இருப்பே?"