டீசல் எங்கே போகுது

லேசுல யாரையும் நம்புற ஆள் இல்லை நான். வீட்டுக்காரருக்கு ஓசூர்ல கம்பெனி வேலை. ராயக்கோட்டை பக்கம் இருக்கிற நிலமும் டிராக்டரும் என் பொறுப்பு. இன்ஜினை மூடுற பானட்டை என்னைத் தவிர யாரும் திறக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டிருந்தேன்.

டிரைவர் ஜவளகிரிக்காரர், கன்னடம் பேசுறவர். நாலு வருஷமா எங்க வண்டிதான் ஓட்டுறார். போன வருஷம் மழைக்கு முன்னாடி உழவு ஓட்டுறப்ப, சாயங்காலம் வரைக்கும் வர்ற டீசல் மத்தியானமே தீர ஆரம்பிச்சுது. "வண்டி இழுக்கலைக்கா, கருப்பா புகை தள்ளுது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க"ன்னார். நான் வண்டியை நிக்க வெச்சு ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்த்தேன். ஒரு கோளாறும் தெரியலை. நிக்கிறப்ப நல்லா இருக்கிற வண்டி உழுறப்ப மட்டும் டீசல் குடிக்குமா? எனக்கு மூக்கு வேர்த்திடுச்சு.

மறுநாள் களை எடுக்க வந்த பொம்பளைங்க முன்னாடியே கேட்டுட்டேன். "கேன்ல பிடிச்சு எங்க கொண்டு போய் விக்கிற?" நாலு வருஷமா 'நீங்க, வாங்க'ன்னு பேசின வாய். அவர் சாவியை மட்கார்டு மேல வெச்சிட்டு, "ஆய்த்தக்கா"ன்னு, அதான் 'சரிக்கா'ன்னு, கன்னடத்துலயே சொல்லிட்டுப் போயிட்டார். டீசல் திருடினவன்னு பேர் விழுந்தா இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தரும் சாவி தர மாட்டாங்க. அது தெரிஞ்சுதான் பேசினேன்.

மெக்கானிக்கைக் கிருஷ்ணகிரியில இருந்து வரவழைச்சேன். உள்ளூர் ஆளுன்னா டிரைவரோட சேர்ந்துக்குவான்னு நினைப்பு. வந்தவரையும் நம்பலை. டர்போவைப் பார்க்கணும்னு அவர் ஃபோன்ல சொன்னதுமே, பழசை வெச்சு மாத்திட்டுப் போயிடுவாரோன்னு அதும்மேல நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வெச்சிட்டேன். அதைப் பார்த்துட்டு மனுஷன் சிரிச்சார். "கல்யாணத்துக்கு ரெடி பண்ணிட்டீங்களா?"

டர்போவுக்குள்ள விரலை விட்டுச் சுத்திப் பார்த்தார். ஆட்டம் இல்லை, ஆயில் கசிவும் இல்லை. "இன்ஜினுக்குக் காத்தை அழுத்தித் தள்ளுறதுதான் இதோட வேலை. சும்மா நிக்கிறப்ப அழுத்தமே இருக்காது, ஓட்டை இருந்தாலும் தெரியாது. ஏரை இறக்கி ஓட்டுங்க"ன்னார். நான் ஓட்ட, அவர் காதைத் தீட்டிக்கிட்டுப் பக்கத்துலயே நடந்து வந்தார். வண்டி திணற ஆரம்பிச்சதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். டர்போவுல இருந்து இன்ஜினுக்குப் போற ரப்பர் ஹோஸ் வாயில காத்து உஸ்ஸுன்னு வெளிய போகுதாம். காத்து பத்தலைன்னா டீசல் சரியா எரியாம புகையாப் போகுமாம். என் டீசல் போன வழி அதுதான்.

"ஹோஸ்ல க்ளிப்பே இல்லைங்க. சைக்கிள் ட்யூபைக் கிழிச்சுக் கட்டியிருக்கு. யார் பண்ணின வேலை?"

"வேற யாரு, அந்த டிரைவர்தான்"னு சொல்லிக்கிட்டே எட்டிப் பார்த்தேன். மூணு சுத்து சுத்தி முனையை உள்ள செருகியிருந்துச்சு. என் கட்டு. சொட்டு நீர்க் குழாய் பிச்சுக்கிட்டு அடிச்ச அன்னைக்கு, தக்காளி வாடுதேன்னு அந்த க்ளிப்பைக் கழட்டிக் குழாய்க்கு மாட்டிட்டு, இங்க ட்யூபைக் கட்டினது நான்தான். ரெண்டு நாள்ல புதுசு வாங்கிப் போடலாம்னு இருந்தேன், மறந்தே போச்சு.

மெக்கானிக் புது க்ளிப் மாட்டினதும், அன்னைக்கே பஸ் பிடிச்சு ஜவளகிரி போனேன். அவர் வீட்டு வாசல்ல நின்னு, அவர் சம்சாரம் காதுல விழுற மாதிரி, "தப்பு என்னுதுங்க, அந்தப் பொம்பளைங்க முன்னாடியும் வந்து சொல்றேன்"னேன். சொன்ன மாதிரியே மறுநாள் வயல்ல எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிட்டு வண்டியில ஏறினார். உழவும் மழைக்குள்ள முடிஞ்சுது.

இப்பவும் அவர்தான் ஓட்டுறார், 'அக்கா'ன்னுதான் கூப்பிடுறார். ஆனா டீசல் டேங்க் மூடியை மட்டும் தொட மாட்டேங்கிறார். தீர்றப்ப வண்டியை நிறுத்தி ஹாரன் அடிச்சிட்டு, இறங்கிப் பத்தடி தள்ளிப் போய் நின்னுக்குவார். நான் போய் ஊத்தி மூடின பிறகுதான் கிட்ட வருவார்.