மூளைக்கும் வேண்டும் ஒரு சைடு வழி

போன மாதம்வரை என் அக்கா வசந்தியின் வண்டி சுவரில் மோதிக்கொண்டேயிருந்தது. சாலையில் ஓடுகிற வண்டி இல்லை... கையளவு பேட்டரி வண்டி!

அக்கா குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறாள். நாற்பத்தைந்து வயதில் பிஎச்.டி. மனித மனம் போலவே யோசித்து வண்டி ஓட்டும் புரோகிராம் எழுத வேண்டும். பார்ப்பதற்கு ஒரு பகுதி, நினைவுக்கு ஒன்று, முடிவெடுக்க ஒன்று. எல்லாமே நடுவிலுள்ள ஒரு பகுதி வழியாகத்தான் பேசிக்கொள்ளும். கட்டடத்துக்குச் சொல்வதுபோல இந்த அமைப்புக்கும் 'ஆர்க்கிடெக்சர்' என்றுதான் பெயராம்.

வண்டி சுவரைப் பார்க்கும். யோசிக்கும். யோசித்துக்கொண்டே போய் இடிக்கும். கமிட்டி முன் ஓட்டிக் காட்ட மூன்று வாரம்தான் பாக்கி. ஓடாவிட்டால் நாலு வருட உழைப்பு அவ்வளவுதான். அக்கா சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

அப்போதுதான் பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்க ஜமீல் வந்தார். முப்பது வயது கான்ட்ராக்டர். டைனிங் டேபிளில் அக்கா விரித்து வைத்திருந்த புரோகிராம் அமைப்புப் படத்தை மாடி பிளான் என்றே நினைத்துவிட்டார்.

"இன்னா மேடம், எங்க போறதுன்னாலும் ஹாலுக்குள்ள பூந்துதான் போவணுமா? விருந்தாளிங்க உக்காந்துகினு இருந்தா கேஸ் சிலிண்டர் எப்படி கிச்சனுக்குப் போவும்? சைடுல ஒரு வழி விடுங்க."

அது வீடில்லை, மனம் என்று அக்கா எரிச்சலோடு சொன்னாள். ஜமீல் ஸாரி கேட்டுவிட்டு, டேப்போடு மாடிப்படி ஏறிவிட்டார். அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலை எடுத்து, பார்க்கும் பகுதியிலிருந்து சக்கரத்துக்கு நேராக ஒரு கோடு இழுத்தாள்.

சுடு பாத்திரத்தைத் தொட்டால் யோசித்தா கையை எடுக்கிறோம்?

கமிட்டி முன் வண்டி சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போதே அழகாகத் திரும்பியது. பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். அக்கா வராந்தாவுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஜமீலிடம் விஷயத்தைச் சொல்லி நன்றியும் சொன்னாள். அதோடு விட்டாளா? டீச்சர் ஆயிற்றே.

"ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு தம்பி. கட்டடம் கட்டினா கட்டினதுதான். மனசு அப்படி இல்ல, பழகப் பழகப் புது வழி போட்டுக்கும்."

ஜமீல் சிமென்ட் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வூடும் அப்படித்தான் மேடம். குடி வந்து ஆறு மாசம் போனா, யாரும் பிளான்படி நடக்கிறதில்ல."