மூன்று பல்பும் நான்கு குட்டியும்

ராஜபாளையம் தங்கப்பாண்டியன் இல்லாமலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரம் நடக்கும். ஆனால் இருட்டில் நடக்கும். இது அவரே சொல்வது. ரதவீதியில் சீரியல் செட் கட்டுகிறவர். சின்னச் சின்ன பல்புகளை ஒன்றையடுத்து ஒன்றாக ஒரே கம்பியில் கோத்துக்கொண்டே போவார். பல்பு ஃபியூஸ் ஆனால் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: வரிசையில் இன்னொரு பல்பைச் சேர்ப்பது. கூட்டணிக் கட்சிகள் தொகுதி பிரிப்பதுபோல பல்புகள் வோல்டேஜைப் பிரித்துக்கொள்ளும். எதுவும் வெடிக்காது, எதுவும் பிரகாசிக்கவும் செய்யாது.

கார்த்திகை அடைமழையில் அவருடைய வெள்ளை நாய் டெய்சி, ஐந்து குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போனது. கண் திறக்காத குட்டிகளுக்குத் தாயின் வயிற்றுச் சூடு இல்லாவிட்டால் உயிர் தங்காது. குட்டிகளை ஒரு பெட்டியில் போட்டு, பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை அதற்கு மேல் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் வோல்டேஜ் எகிறி பல்பு போயிற்று. அவர் பார்ப்பதற்குள் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது.

இனி ஃபியூஸ் என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று, தொழில் தெரிந்த மனிதராக, அதே நூறு வாட் பல்பு இரண்டைச் சீரியலில் கோத்தார். குட்டிகள் நடுங்கின. மூன்றாவதையும் கோத்தார். அதிகமாக நடுங்கின. வெளிச்சம் மங்கிவிட்டதே என்று மனைவி பாண்டீஸ்வரி கேட்டதற்கு, வேண்டியது சூடுதானே, வெளிச்சமா என்றார். பஞ்சில் ஆட்டுப்பாலை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் எழுந்துபோய் ஒரு பல்பைத் தொட்டார். கையை எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுட்டா கைய எடுத்திருப்பேன்ல. சாமிக்குச் சீரியல் செட் போடுங்க, வேண்டாங்கல. இதுக சாவுதுங்க."

நான்காவது பல்பைத் தேடிக்கொண்டிருந்தவர் மீட்டரைத் தேடினார். வோல்டேஜ் இருநூற்று முப்பது. கரண்ட், புள்ளி இரண்டு நாலு ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் பவர். இத்தனை வருடத் தொழிலில் அவர் பல்பைக் கூட்டியிருக்கிறார், எதையும் பெருக்கியதில்லை. செல்போனில் தட்டினார். ஐம்பத்தைந்து வாட். நம்பாமல் மறுபடி தட்டினார். முந்நூறு வாட்டைத் தொங்கவிட்டுவிட்டு ஒரே பல்பின் சூட்டில் பாதியைத்தான் கொடுத்திருக்கிறார். வோல்டேஜைக் கரண்டால் வகுத்துப் பார்த்தார்: ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட ஆயிரம் ஓம். கரண்டின் வழியில் பல்பு பல்பாகத் தடை கட்டியது அவர்தான். சேர்த்த ஒவ்வொரு பல்பும் குட்டிகளிடமிருந்து சூட்டைப் பிடுங்கியிருந்தது.

கம்பிகளை அறுத்தார். இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டினார். மூன்று பல்புக்கும் தனித்தனியாக மெயினிலிருந்து லைன் இழுத்துவிட்டு சுவிட்சைப் போட்டார். ரதவீதியில்கூட அவர் அப்படி ஒரு வெளிச்சம் போட்டதில்லை. சுவரெல்லாம் வெளுத்தது. பல்புகளைச் சற்று உயர்த்திக் கட்டினார்.

கொஞ்ச நேரத்தில் மூன்று குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி முனகின. மூலையில் கிடந்த பொடிசு மட்டும் அசையவில்லை. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மீட்டர் தரையில் கிடந்தது. அதில் பார்க்க இனி ஒன்றுமில்லை.

"உசிரு இருக்கா?" என்றார் பாண்டீஸ்வரி.

"சூடு இருக்குடி," என்றார் அவர். "பல்பு குடுத்த சூடா, அதோட சூடான்னுதான் தெரியல."